பதின்ம வயதுப் பிள்ளைக்கு வாந்தியும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால்: காரணத்தைக் கண்டறியப் பெற்றோர் செய்யவேண்டியவை

வளர்ச்சி முடியாத வயதில் பிள்ளையின் எடை குறையக் கூடாது. உயரமும் எடையும் ஏறிக்கொண்டே போகவேண்டிய பருவம் அது; பல மாதங்களாக எடை ஏறாமல் ஒரே இடத்தில் நிற்பதைக்கூட மருத்துவர்கள் கவனிக்கவேண்டிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, அடிக்கடி வாந்தி எடுத்து, எடையும் குறைந்துவரும் பிள்ளையைப் பார்த்து, "கேஸ்ட்ரிக்தான், நேரத்துக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்றோ, "உயரம் போடுகிற வயசு, இளைக்கத்தான் செய்யும்" என்றோ விட்டுவிடுவது சரியல்ல. வயிற்றில் மட்டுமல்லாமல் கணையம், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, மூளை, சிறுநீரகம், மனம் ஆகிய எதிலிருந்தும் இந்த இரு அறிகுறிகளும் தோன்றலாம்.

சிங்கப்பூரில் இது தாமதமாகப் பிடிபடுவதற்கு ஒரு காரணம் மருத்துவ வசதி இல்லாமை அல்ல, அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் என்பது என் கருத்து. ஒருநாள் காலையில் வாந்தி எடுத்தால் புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள மருந்தகத்துக்கும், சில வாரம் கழித்து மீண்டும் எடுத்தால் துணைப்பாட நிலையத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்துக்கும், அடுத்த முறை வரிசை குறைவாக இருக்கும் வேறோர் இடத்துக்கும் பிள்ளையை அழைத்துச் செல்கிறோம். ஒவ்வொரு மருத்துவரும் ஒருநாள் வாந்தியை மட்டும் பார்க்கிறார், அதற்குப் பொருத்தமான மருந்தும் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றும் தருகிறார். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்ததை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் மற்ற எதையும் செய்ய இயலாவிட்டாலும் ஒன்றைச் செய்யுங்கள்: ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள், ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கருநிறத் துகள்களோ வந்தால், பச்சை நிறப் பித்தநீராக வந்தால், வயிறு கல்லாக இறுகி வலித்தால், பிள்ளை குழப்பமாகப் பேசினால், மயங்கி விழுந்தால், ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினால், கடுந்தலைவலியோடு கழுத்து விறைத்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே கழிக்காமல் இருந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். நடக்க இயலாத நிலையில் அவசர மருத்துவ வண்டிக்கு 995 எண்ணை அழைக்கவேண்டும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கெனத் தனி அவசரப் பிரிவுகள் உள்ளன. காய்ச்சல் தணியும் நாளில் வாந்தியும் வயிற்றுவலியும் கூடினால் அது டெங்கியின் எச்சரிக்கை அறிகுறியாக இருக்கலாம். பையனுக்குத் திடீரென அடிவயிறு வலித்து வாந்தி வந்தால், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், விரையில் வலி உள்ளதா என்று தந்தையோ மாமாவோ நேராகக் கேட்டுவிடுவது நல்லது. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

பிள்ளை பாரசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு எழுந்தாலும், பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாளில் வாந்தி மட்டுமே இருந்து, ஈரல் பாதிப்பு பிறகு வெளிப்படும். அதற்கான மாற்றுமருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப்பயன் தரும்.

எழுதி வைக்கவேண்டியவை

அவசரநிலை இல்லையென்றால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு வாரக் குறிப்பு பெரிதும் உதவும். ஆனால் குறிப்பு எழுதுவதற்காகவே சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம். "வாந்தி எடுத்தான்" என்று மட்டும் எழுதுவதால் பயன் குறைவு. "செவ்வாய், காலை 6.15, எழுந்தவுடன், வெறும் வயிறு, மஞ்சள் நீர் அரைக் கோப்பை, முன்நெற்றியில் வலி, எடுத்தபின் வலி குறைந்தது" என்று எழுதினால் மருத்துவருக்கு அது பாதி நோயறிதலுக்குச் சமம். உண்ட எவ்வளவு நேரத்தில் வந்தது, உண்டது செரித்திருந்ததா அப்படியே இருந்ததா, குமட்டல் முன்னால் வந்ததா, மலம் எப்படி, இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தாள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், கடைசி மாதவிடாய் எப்போது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில் பாருங்கள். நாள்தோறும் பார்ப்பது தேவையற்ற பதற்றத்தையே தரும். உணவைக் குறித்து ஏற்கனவே அஞ்சும் பிள்ளைக்கு அது தீங்கும் செய்யும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடு காரணமின்றிக் குறைவது, அதாவது 50 கிலோ இருந்த பிள்ளை 47.5 கிலோவுக்கு வருவது, ஆராயவேண்டிய அளவு. பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் எடுத்த உயர, எடை அளவுகளைப் பிள்ளையிடம் கேட்டு அதில் குறித்தால், கோடு எந்த வயதில் கீழே திரும்பியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எந்த அறிகுறி எதை உணர்த்துகிறது

எல்லாவற்றுக்கும் முன்னால் நினைக்கவேண்டியது நீரிழிவு. முதல்வகை நீரிழிவு குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பிள்ளைக்கும் வரும், ஒல்லியான பிள்ளைக்கும் வரும். சில வாரங்களில் எடை குறையும், தாகம் தீராது, இரவில் பலமுறை கழிவறைக்குப் போகவேண்டியிருக்கும். இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன் என்னும் அமிலங்கள் இரத்தத்தில் சேர்ந்து, வாந்தியும் வயிற்றுவலியும் வரும். மூச்சில் பழுத்த பழவாடை வீசும். இந்தக் கட்டத்தில்தான் பலர் வயிற்றுப்புண் என்று எண்ணி ஏமாறுகிறார்கள், பிள்ளை களைத்திருக்கிறதே என்று இனிப்புப் பானம் வாங்கிக் கொடுத்து நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள். சர்க்கரை அளவைச் சோதிக்க விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும். அறிகுறிகளோடு சர்க்கரை அளவு லிட்டருக்கு 11.1 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வாந்தியும் எடைக்குறைவும் உள்ள பிள்ளைக்கு இந்தச் சோதனை செய்யாமல் எந்த மருந்தகத்திலிருந்தும் வெளியே வரக் கூடாது என்பேன். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய் அரிது, ஆனால் நம் போன்ற நிறத்தவரிடம் எளிதில் தவறவிடப்படுவது. களைப்பு, குமட்டல், வாந்தி, எடைக்குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், ஊறுகாயையும் உப்பையும் தேடித்தேடி உண்ணும் ஆசை ஆகியவற்றோடு தோல் கருக்கும். மாநிறப் பிள்ளை இன்னும் சற்றுக் கறுத்தால் வெயிலில் காற்பந்து ஆடியதால் என்று நினைத்துக்கொள்கிறோம். ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டை உயர்த்தி ஈறுகளைப் பாருங்கள். உள்ளங்கை ரேகைகள், விரல்முட்டிகள், பழைய தழும்புகள் ஆகியவற்றையும் பாருங்கள். நம்மில் பலருக்கு ஈறு சிறுவயதிலிருந்தே கருமையாக இருப்பது இயல்பு. அண்மை மாதங்களில் புதிதாகக் கருத்ததா என்பதுதான் கேள்வி, அதற்கு இரண்டாண்டுக்கு முந்தைய புகைப்படமே நல்ல சாட்சி. இரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால் மருத்துவரின் ஐயம் வலுக்கும். அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் காலைநேர அளவைப் பார்த்து மேற்கொண்டு சோதிப்பார்கள்.

தலைக்குள் அழுத்தம் கூடுவதால் வரும் வாந்திக்கு நேரம் ஒரு துப்பு. விடியற்காலையில், படுக்கையிலிருந்து எழும்போது, சில வேளைகளில் குமட்டலே இல்லாமல் வரும்; தலைவலி தூக்கத்திலிருந்து எழுப்பும், இருமினாலும் குனிந்தாலும் கூடும். பொருள்கள் இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், கையெழுத்து திடீரெனக் கோணலாவது, காரணமின்றி மதிப்பெண் சரிவது ஆகியவை சேர்ந்தால் மூளைப் படம் எடுக்கவேண்டிய கட்டாயம் எழுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வளரும் சில கட்டிகள் மிகுதாகம், மிகுசிறுநீர், மாதவிடாய் நின்றுபோதல், பசியின்மை என்று வெளிப்பட்டு, உணவுக்கோளாறு என்றே நெடுநாள் கருதப்படுவதும் உண்டு. காலைத் தலைவலி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒற்றைத் தலைவலியாகவோ தூக்கமின்மையாகவோதான் இருக்கும். ஆனாலும் அதை முடிவுசெய்யவேண்டியவர் மருத்துவர்.

குடல்நோய்களில் குரோன் நோய் முக்கியமானது. அது பதின்ம வயதிலும் இளமையிலும் தலைகாட்டும் நாட்பட்ட அழற்சி. சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளில் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடம் குடல் அழற்சி நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டுள்ளன. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, அடிக்கடி வரும் வாய்ப்புண், ஆசனவாயில் வெடிப்போ கட்டியோ, நின்றுபோன உயர வளர்ச்சி, தாமதமாகும் பூப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். வாந்தி வந்தால் குடலின் ஒரு பகுதி சுருங்கியிருக்கலாம். ஆசனவாய்ப் புண்ணை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூசும் வயது அது என்பதால் கேட்டால்தான் தெரியவரும். கால்புரோடெக்டின் என்னும் மலப்பரிசோதனை, குடலில் அழற்சி உள்ளதா என்பதை குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் உள்நோக்கிச் சோதனைக்கு முன்பே காட்டித்தரும்.

இரைப்பை அமிலம் மேலேறுவதும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியால் வரும் புண்ணும், தசைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் விழுங்கும் ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளால் வரும் புண்ணும் இந்த வயதில் உண்டு. உண்டது செரிக்காமல் அப்படியே திரும்பி வந்து, தண்ணீரும்கூட நெஞ்சில் அடைத்தால் உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காத அக்கலேசியாவை நினைக்கவேண்டும். உண்ட சில நிமிடங்களில், குமட்டலோ முயற்சியோ இன்றி உணவு வாய்க்கு ஏறிவந்து, மீண்டும் மென்று விழுங்குவதோ துப்புவதோ நிகழ்ந்தால், அது அசைபோடும் கோளாறாக இருக்கலாம். வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சியே அதற்கு முதன்மையான சிகிச்சை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென மணிக்குப் பலமுறை வாந்தி எடுத்து, ஓரிரு நாளில் தெளிந்து, சில வாரம் கழித்து அச்சு மாறாமல் அதே போல மீண்டும் எடுத்தால் சுழற்சி வாந்தி எனப்படும். இத்தகைய குடும்பங்களில் ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் இருக்கும்.

எடைக்குறைவே வாந்திக்குக் காரணமாவதும் உண்டு. சிறுகுடலின் தொடக்கப்பகுதி இரண்டு இரத்தக்குழாய்களுக்கு நடுவே செல்கிறது. அவற்றை விலக்கி வைத்திருக்கும் கொழுப்பு கரைந்துவிட்டால், கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கிடையே அகப்பட்டதுபோலக் குடல் நசுங்கும். உண்டவுடன் வலித்து, குப்புறப் படுத்தாலோ இடப்பக்கம் சாய்ந்தாலோ வலி தணிந்தால் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போய்வந்த பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். டைஃபாய்டு, மஞ்சள்காமாலை, ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி, இருமலே இல்லாமல் குடலைத் தாக்கும் காசநோய் ஆகியவை அப்போதுதான் மருத்துவரின் கணக்கில் வரும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் அரிசி உண்போரைவிடக் கோதுமை உண்ணும் வட இந்தியரிடம் மிகுதி. ஐயம் இருந்தால் சோதனைக்கு முன் சப்பாத்தியையும் ரொட்டியையும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் சோதனை பொய்யாகச் சுத்தம் என்று காட்டும். தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் நன்றாக உண்டும் எடை குறையும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நாட்பட்ட சிறுநீரக நோயிலும் குமட்டலும் பசியின்மையும் முன்னிற்கும்.

கேட்கத் தயங்கும் காரணங்கள்

உணவுக்கோளாறுகள் பையன்களையும் விட்டுவைப்பதில்லை. உணவு மேசையிலிருந்து எழுந்தவுடன் குளியலறைக்குச் சென்று நீண்ட நேரம் குழாயைத் திறந்துவைப்பது, வீட்டில் அனைவரோடும் உண்ண மறுப்பது, வெயிலிலும் தொளதொளப்பான ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பது, கன்னத்தின் கீழ்ப்பகுதி இருபுறமும் வீங்குவது, பல்மருத்துவர் பற்பூச்சு (எனாமல்) கரைந்திருப்பதைச் சொல்வது ஆகியவை துப்புகள். இதைப் பிடிவாதம் என்று நினைப்பது பெருந்தவறு. பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். எடை இயல்பாக இருக்கும்போதும் அந்த ஆபத்து உண்டு. ஒருமுறை தொண்டையில் உணவு சிக்கிய அச்சத்தாலோ, கடும் வாந்தி எடுத்த நினைவாலோ உணவையே தவிர்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடல் தோற்றத்தைப் பற்றிய கவலையே இராது. கேகே மருத்துவமனையிலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் இவற்றுக்குச் சிகிச்சை கிடைக்கிறது.

இணையத்தில் வாங்கும் மெலிவு மருந்துகளில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் என்னும் பசியடக்கி கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். அதிலுள்ள நிக்கோட்டின் குமட்டலையும் பசியின்மையையும் தரும். சிலவற்றில் கலக்கப்படும் எட்டோமிடேட் என்னும் மயக்கமருந்து, மேலே சொன்ன அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசாலையே தடுக்கக்கூடியது. கஞ்சாவை நெடுநாள் பயன்படுத்துவோருக்குத் தீராத வாந்தி வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிவது அதற்கே உரிய அடையாளம். கருவுற்றிருக்கும் வாய்ப்பையும் ஒரு சிறுநீர்ச் சோதனையில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் கேட்பதற்காக மருத்துவர் உங்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்வார். மனம் கோணாமல் எழுந்து செல்லுங்கள். பல பிள்ளைகள் வாய்திறப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

வீட்டில் நீங்களே பேச நினைத்தால், தாத்தா பாட்டி, தம்பி தங்கை முன்னிலையில் வேண்டாம். "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்பதைவிட, "மூன்று வாரமாகக் காலையில் வாந்தி எடுக்கிறாய், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, எனக்குக் கவலையாக இருக்கிறது, சேர்ந்து மருத்துவரிடம் போகலாம்" என்பது பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாது. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்பதுபோல் பிள்ளை பேசினால் 1767 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்) அல்லது 1771 (தேசிய மனநல உதவி எண்) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 995.

மருத்துவரின் அறையில்

முதல் வாக்கியத்திலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எவ்வளவு நாளாக வாந்தி, எத்தனை கிலோ குறைவு. இதுவரை பார்த்த மருந்தகங்களின் பெயர்களையும், கொடுத்த மருந்துப் பைகளையும், நாட்டுமருந்து இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். கவனக்குறைவுக் கோளாற்றுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தண்ணீர் குறைவாகக் குடித்து விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

முதற்கட்டமாக உயரம், எடை, படுத்தும் நின்றும் எடுக்கும் இரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும், இரத்த அணுக்கள், உப்புகள், சிறுநீரகம், ஈரல், தைராய்டு, அழற்சி அளவுகள் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். பைலோரி கிருமிக்கான யூரியா மூச்சுப் பரிசோதனை என்றால், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மருந்தை இரண்டு வாரத்துக்கு முன்பும் கிருமிக்கொல்லியை நான்கு வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்கவேண்டும். மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்கவேண்டியிருந்தால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

காத்திருக்கும் நாட்களில் வாய்வழி உப்புக்கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறாகக் கொடுங்கள். விளையாட்டுப் பானங்களில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல் வாயை மட்டும் கொப்பளிக்கவேண்டும், அமிலத்தில் இளகிய பற்பூச்சு தேய்ந்துவிடும். கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று சிறுசிறு அளவில் பலமுறை கொடுங்கள். பல வாரம் ஏறக்குறைய பட்டினியாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அத்தகைய பிள்ளைக்கு உணவைக் கூட்டுவது மருத்துவக் கண்காணிப்பில் நடக்கவேண்டும். தைப்பூசப் பால்குட விரதமானாலும் ரமலான் நோன்பானாலும் காரணம் தெரியும்வரை தள்ளிவைக்கவேண்டும். வாந்தி நிறுத்தும் மாத்திரையை மீண்டும் மீண்டும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

முதல் சோதனைகள் அனைத்தும் இயல்பாக வந்தால் ஆறுதல்தான், ஆனால் அக்கலேசியாவும் அசைபோடும் கோளாறும் தொடக்கநிலைக் குரோன் நோயும் சாதாரண இரத்தச் சோதனையில் தெரியாமலே இருக்கக்கூடும். இரண்டு வாரத்தில் எடை பார்ப்பதற்கான தேதியை அதே மருத்துவரிடம் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அன்றும் எடை குறைந்திருந்தால், வேறு மருந்து கேட்காமல் சிறப்பு மருத்துவருக்கான கடிதத்தைக் கேளுங்கள்.